கல்யாண வீட்டில் பேசாத பிள்ளைக்கு மொய் நோட்டைக் கொடுங்கள்

கும்பகோணம் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மண்டபத்து ஓரமாக ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்குள் அதற்கு உம்மணாமூஞ்சி, தலைக்கனம், ஊமைக்கோட்டான் என்று பட்டம் கட்டியிருப்பார்கள். போதாக்குறைக்கு 'ஊமை ஊரைக் கெடுக்கும்' என்று பழமொழி வேறு.

முதலில் கூச்சம் வேறு, இன்ட்ரோவர்ட் (தனிமையில் தெம்பு பெறும் அகமுகச் சுபாவம்) வேறு. கூச்சக்காரருக்குப் பேச ஆசை இருக்கும், பயம் தடுக்கும். இன்ட்ரோவர்ட்டுக்குப் பயமே இல்லாமலும் இருக்கலாம். நாதஸ்வரமும் மைக்கும் நூறு பேர் விசாரிப்பும் சீக்கிரம் அலுத்துவிடும். 1921இல் மனநல மருத்துவர் கார்ல் யுங் இந்த 'இன்ட்ரோவர்ட்' என்ற சொல்லைப் பரவலாக்கினார். நம்மில் பெரும்பாலோர் இன்ட்ரோவர்ட்டுக்கும், கலகலப்பை விரும்பும் எக்ஸ்ட்ரோவர்ட்டுக்கும் நடுவில்தான். பயத்தால் பேங்க், பரீட்சை, ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல் ஒதுங்கினால் அது வேறு விஷயம்; அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யுங்கள்.

பேச்சுக் கொடுக்க, கூட்டம் கலைந்தபின் திண்ணையில் பக்கத்தில் உட்காருங்கள். "என்னப்பா, நல்லா இருக்கியா?" என்றால் "ம்" என்று முடிந்துவிடும். "குறுவைக்கு ஆடுதுறை 43 போட்டீங்களா, வேற ரகமா?" என்று பிடி உள்ள கேள்வியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் நாமே பதிலும் சொல்லிவிடுவோம், அங்கேதான் கெடுகிறது.

ஜனங்களோடு ஒட்டாது என்று வேலையே தராமல் விடுவதும் தப்பு. சந்தனம், கற்கண்டு வைத்த வரவேற்பு மேஜை வேண்டாம். அங்கே சிரிப்புக்கு முடிவே கிடையாது. மொய் நோட்டைக் கொடுங்கள். எதிரே ஆள் வந்துகொண்டே இருந்தாலும் "பேரு? ஊரு? எவ்வளவு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரே பெயரில் நாலு பேர் வந்தால் அப்பா பெயரையும் கேட்டு எழுதுகிற பொறுமை இவர்களிடம் இருக்கும். பணம் எண்ண, வாயாடுகிற சித்தப்பாவைப் பக்கத்தில் போடுங்கள், வம்பளப்பை அவர் பார்த்துக்கொள்வார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றி, காபியோடு வெளியே அனுப்புங்கள்.

கிளம்பும் நேரத்தை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: "ராத்திரி சாப்பிட்டதும் போயிடலாம், காலையில முகூர்த்தத்துக்கு வந்தாப் போதும்." நாலு பேர் முன்னால் மட்டும் "ஏன் பேசவே மாட்டேங்குற?" என்று கேட்காதீர்கள், இருக்கிற நாலு வார்த்தையும் உள்ளே போய்விடும். மேடை போட்டோவுக்குக் குடும்பத்தோடு ஒரு தடவை ஏற்றினால் போதும்.