சைலன்ட் வேலி போகிறவர்கள் காட்பாடியிலேயே செய்துவிடும் தவறுகள்

வேலூர்க்காரர்களுக்குக் காடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அமிர்தி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, கூண்டில் இருக்கிற மானையும் மயிலையும் பிள்ளைகளுக்குக் காட்டி, அருவியில் தண்ணீர் இருந்தால் ஒரு குளியல் போட்டு, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம். அமிர்திக்கு அது போதும். அதே மனக்கணக்கோடு பாலக்காடு மாவட்டத்திலுள்ள சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பூங்காவின் நுழைவாயிலான முக்காலி என்ற ஊரிலேயே நின்று வாதாடிவிட்டுத் திரும்புகிறார்கள். காட்டுக்குள் நடக்கும் தவறுகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஊரில் உட்கார்ந்து தேதி குறிக்கும்போதே நடந்துவிடுகிறது.

முதலில் மாதம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கடைசியாக ஒரு டூர் என்று ஜூன் முதல் வாரத்தில் கிளம்பும் குடும்பங்கள் நிறைய. வேலூரில் அப்போதும் வெயில் மண்டையைப் பிளக்கும். மழை ஐப்பசியில்தானே என்ற நினைப்பு. ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்குள் இறங்குவதே அந்த வாரத்தில்தான். நமக்கு ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1,000 மில்லிமீட்டர் என்றால், சைலன்ட் வேலியில் 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டும். மரம் சாயும், மண் சரியும், உள்ளே போகிற பாதையையே மூடிவிடுவார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உத்தமம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஜனவரி பாதிவரை ஐயப்ப சீசன். காட்பாடி வழியாகக் கேரளா போகிற ரயில்களில் படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. எனவே முன்பதிவு தொடங்கியதும் டிக்கெட் போட்டுவிட வேண்டும். கோடை தொடங்கிவிட்டால் காட்டுத்தீ பயத்தினாலும் அனுமதியை நிறுத்தக்கூடும். கிளம்புகிற வாரத்தில் வனத்துறைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நேரம். இரவு காட்பாடியில் ஏறினால் விடிகாலையில் பாலக்காடு ஜங்ஷன். அங்கிருந்து மண்ணார்க்காடு, பிறகு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி முக்காலி. இந்த வழி வயிற்றைப் புரட்டும் என்பவர்கள் கோயம்புத்தூரில் இறங்கி ஆனைகட்டி, அகளி வழியாகவும் முக்காலிக்கு வரலாம். எப்படி வந்தாலும் சொந்த வண்டிக்கு அதுதான் எல்லை. வேலூரிலிருந்து பிடித்துவந்த டெம்போ டிராவலர் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதற்கு மேல் வனத்துறை ஏற்பாட்டில் ஓடும் ஜீப்பிலோ சிற்றுந்திலோ, கூட ஒரு வழிகாட்டியோடு, 23 கிலோமீட்டர் போனால் பயணிகளை இறக்கிவிடும் இடமான சைரந்திரி. காலை எட்டு மணிக்கு அனுமதி தொடங்கும், மதியம் ஒரு மணியோடு முடிந்துவிடும். வண்டிகளும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. பொங்கல் விடுமுறையில் பதினோரு மணிக்குப் போய் நின்றுகொண்டு, "இவ்வளவு தூரம் வந்திருக்கோம் சார்" என்றால், அவர்கள் என்ன செய்வார்கள்? முந்தைய நாளே வந்து மண்ணார்க்காட்டிலோ முக்காலியிலோ தங்கிவிடுவதுதான் நல்லது. போய்த் திரும்ப நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆகவே காலையில் காடு, மாலையில் மலம்புழா அணை, இரவு குருவாயூர் என்று ஒரே நாளில் திணிக்கிற திட்டத்தை யார் போட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இனிமேல்தான் பெரிய தவறு: என்னென்ன மிருகம் தெரியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போவது. புலி, யானை, சிறுத்தை எல்லாம் அந்தக் காட்டில் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் இது மரம் அடர்ந்த மழைக்காடு. முதுமலையில் சாலையோரப் புல்வெளியில் மான் கூட்டம் நிற்பதுபோல் இங்கே எதுவும் வந்து நிற்காது. பத்தடிக்கு அப்பால் பச்சைச் சுவர்தான். பார்க்க வேண்டியது தரையில் இல்லை, தலைக்கு மேலே. சிங்கவால் குரங்கு என்கிற சோலைமந்தி பெரும்பாலும் மரங்களின் உச்சியிலேயே வாழும். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல ஒரு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இதற்கு இயற்கையான வாழிடம் கிடையாது. உடம்பு கருப்பாய், தலை மட்டும் பழுப்பாய், வால் நீளமாய், குஞ்சம் இல்லாமல் இருந்தால் அது கருமந்தி. அவசரத்தில் எல்லோரும் குழப்பிக்கொள்வது இந்த இரண்டையும்தான்.

சோலைமந்தியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குரங்கைத் தேடுவதைவிட வெடிபலா மரத்தைத் தேடலாம். முள்முள்ளாய் உருண்ட காய்கள் கிளையை ஒட்டியே காய்த்திருக்கும். சோலைமந்திக்கு அது முக்கியமான இரை. வழிகாட்டி எங்கே ஜீப்பை நிறுத்தச் சொல்கிறாரோ அங்கே பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுங்கள். முதலில் கிளை அசையும், அப்புறம் கடித்துப்போட்ட தோல் பொத்தென்று விழும், அதற்குப் பிறகுதான் குரங்கு கண்ணில் படும். ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் ஜீப்புக்கு இதில் எதுவும் வாய்க்காது. ஒன்றுமே தென்படாமல் திரும்புகிற நாளும் உண்டு. அதற்காக வழிகாட்டியிடம் சண்டைக்குப் போவது அநியாயம்.

சைரந்திரிக் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவதும் ஒரு நஷ்டம். கீழே ஓடுகிற குந்திப்புழாவின் மேல்தான் 120 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்கு அணை கட்ட எழுபதுகளில் முடிவு செய்தார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தது. கவிஞர் சுகதகுமாரி போன்றவர்கள் களத்தில் இறங்கினார்கள், பறவையியலாளர் சாலிம் அலி எதிர்ப்புத் தெரிவித்தார். கடைசியில் 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஆண்டில் பல மாதம் மணலாய்க் கிடக்கிற பாலாற்றையும், அதில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த கதையையும் பார்த்தே வளர்ந்த நமக்கு, அணையில்லாமல் ஓடுகிற ஓர் ஆற்றைக் கோபுரத்திலிருந்து பார்ப்பது சும்மா ஒரு செல்ஃபி விஷயமாக இருக்க வேண்டாம் என்பது என் கட்சி. மதியம் ஆக ஆக மேகம் இறங்கிப் பள்ளத்தாக்கை மறைத்துவிடுவதுண்டு. அதற்காகவும் முதல் ஜீப்புகளில் போவது நல்லது. சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி பூங்காவின் ஓர் ஓரத்துக்குத்தான். ஆற்றங்கரைவரை விடாவிட்டால் அடம்பிடிக்காதீர்கள்.

அட்டை. மழை ஓய்ந்து சில வாரங்கள் ஆனாலும் ஈரச் சருகில் இருக்கும். முதலில் நூல்போல மெலிந்து, ஒரு முனையை ஊன்றி மறு முனையை ஆட்டி ஆட்டிக் காலைத் தேடும். கடித்தது வலிக்காது, சாக்ஸ் சிவந்த பிறகுதான் தெரியும். பதறிப்போய்ப் பிய்த்து எறிவதுதான் தவறு. நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, அட்டையின் மெல்லிய முனையை முதலில் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கடிவாய் கொஞ்ச நேரம் கசியும். கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டால் சரியாகிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களை ஈரமான மாதங்களில் அழைத்துப் போகாதீர்கள். செருப்பு, அரைக்கால் சட்டை இரண்டும் வேண்டாம். முழுக்கால் சட்டையைச் சாக்ஸுக்குள் செருகி, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் நம்மவர்களுக்குக் கை கொஞ்சம் தாராளம். ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம் இல்லாமல் சிலருக்கு வண்டியே நகராது. முக்காலியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், பிளாஸ்டிக்கை உள்ளே கொண்டுபோகாதீர்கள். பாவம் பசிக்கும் என்று குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுவது புண்ணியம் ஆகாது. வால்பாறைப் புதுத்தோட்டத்தில் காடு துண்டுதுண்டாகிப் போனதால், மரத்தை விட்டு இறங்காத சோலைமந்தி இன்று சாலையைக் கடக்கிறது, வீட்டுக்குள் நுழைந்து சமையலறையைக் கிளறுகிறது, குப்பையை மேய்கிறது. சைலன்ட் வேலிக் குரங்குக்கு அந்தப் பழக்கத்தை நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். முக்காலி இருக்கிற அட்டப்பாடிப் பகுதியில் தமிழ் நன்றாகவே செல்லும். இருளர், முடுகர், குறும்பர் வாழும் பகுதி அது. வழிகாட்டிகளில் பலர் அந்தச் சமூகத்தவர். "அண்ணா" என்று கூப்பிட்டுப் பேசினால் மரம், பறவை, தடம் எல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்கள். வழியிலுள்ள குடியிருப்புகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். செல்போன் சிக்னலையும் ஜிபேயையும் நம்பாமல் சில்லறையாகவே பணம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்புகிற ரயிலை அன்று மாலைக்கே போட்டுவிட்டு ஜீப்பில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருக்காமல், இரவு ரயிலாகப் பார்த்துப் போடுங்கள்.