நீலம் போனது சரி, யாரால் போனது?

பெங்களூருவுக்கு ஆராய்ச்சி செய்ய வரும் நம் ஊர்ப் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒருவராவது எனக்கு இப்படிச் செய்தி அனுப்புவார்கள்: "அக்கா, என் பவுடர் ஒரு மணி நேரத்தில் மெத்திலீன் ப்ளூவை வெளுத்துவிட்டது. பேப்பர் எழுதட்டுமா?" கூடவே நீலமாக ஒன்றும் தெளிவாக ஒன்றுமாக இரண்டு குப்பிகளின் படம். பவுடர் என்பது ஒளிவினையூக்கி, ஒளி பட்டால் தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க வேண்டிய பொருள். மெத்திலீன் ப்ளூ அதைச் சோதிக்கும் நீலச் சாயம். இருட்டில் எவ்வளவு நேரம் வைத்தாய் என்பதுதான் என் முதல் கேள்வி. பாதிப் பேர் வைத்திருக்கவே மாட்டார்கள்.

நுண்துளைகள் நிறைந்த பவுடர் சாயத்தைப் பஞ்சு போல இழுத்துக்கொள்ளும். அதற்கு ஒளியே வேண்டாம். விளக்கைப் போடும் முன் அரை மணியோ ஒரு மணியோ இருட்டில் கலக்கி, சாயத்தின் அளவு மேற்கொண்டு குறையாமல் நிற்கும் இடத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். இது சுலபமாகத் திருத்திக்கொள்ளக்கூடிய தவறு.

அடுத்தது அப்படியல்ல. இந்த வேலைக்கு வழக்கமான பவுடர் டைட்டானியம் டையாக்ஸைடு, சுருக்கமாக டைட்டானியா. அதன் அனடேஸ் என்ற படிக வடிவத்துக்கு பேண்ட் கேப், அதாவது உள்ளே எலக்ட்ரானைக் கிளப்ப ஒளியிடம் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். அலைநீளம் சுமார் 387 நானோமீட்டரைத் தாண்டிய ஒளியால் அதற்குப் பயனில்லை, புற ஊதாதான் வேண்டும். வெயிலில் புற ஊதா 5 சதவீதம் அளவுதான். கண்ணுக்குத் தெரியும் மிச்ச ஒளியை (கட்புல ஒளியை) பிடிக்கத்தான் நைட்ரஜன் டோப்பிங் (டைட்டானியாவில் கொஞ்சம் நைட்ரஜன் கலப்பது), கார்பன் நைட்ரைடு, பிஸ்மத் வனடேட் போன்ற வேறு பவுடர்கள் என்று எல்லாரும் அலைகிறோம். ஆனால் மெத்திலீன் ப்ளூ 664 நானோமீட்டர் பக்கம் தானே ஒளியை உறிஞ்சும். உறிஞ்சி, எலக்ட்ரானை டைட்டானியாவிடம் தள்ளிவிட்டுத் தானே சிதையும். பவுடர் ஒளியை உறிஞ்சியிருக்கவே வேண்டாம். சில நேரம் சிதைவதுகூட இல்லை, நிறமற்ற லியூகோ வடிவத்துக்கு மாறி நிற்கும். காற்று பட்டால் மறுபடி நீலம். நானே இதில் ஆறு மாதம் ஏமாந்தவள். குழுக் கூட்டத்தில் பெருமையாக வரைபடம் காட்டினேன். "ஃபீனாலில் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார் கைடு. பார்த்தேன். மூன்று மணி நேரமாகியும் நிறமில்லாத ஃபீனால் அசையவில்லை.

ஆகவே நிறமில்லாத பொருளிலும் சோதியுங்கள், மொத்தக் கரிமக் கார்பன் குறைகிறதா என்றும் பாருங்கள். சாலிசிலிக் அமிலம் வேண்டாம், டைட்டானியா மேல் ஒட்டி மஞ்சளாகி அதுவும் ஒளியை உறிஞ்சும். (ஃபீனாலுக்கும் இந்தப் புத்தி கொஞ்சம் உண்டு.) 420, 450, 500 நானோமீட்டர் என்று ஒளி வடிகட்டியை மாற்றிக்கொண்டே போய், பவுடரின் உறிஞ்சல் குறையும் இடத்தில் வினையும் குறைகிறதா என்று பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

மொட்டை மாடி வெயிலில் வைத்துவிட்டு 'கட்புல ஒளியில் வேலை செய்கிறது' என்று எழுதுவது இன்னொரு வேடிக்கை. அந்த வெயிலில் புற ஊதாவும் இருக்கிறதே! ஜூலை மாத பெங்களூரு மேகத்தில் இன்றைய அளவீடும் நாளைய அளவீடும் ஒத்துப்போவதும் கஷ்டம். ஒப்பிட வேண்டிய மாதிரிகளை ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். செனான் விளக்கு என்றால் வடிகட்டியோடு தண்ணீர்ச் சுற்றும் வேண்டும், இல்லாவிட்டால் சூடு செய்த வேலையும் ஒளியின் கணக்கில் சேரும்.

பவுடர் மஞ்சளானதும் பேண்ட் கேப் சுருங்கிவிட்டது என்று டாக் வரைபடத்தின் (ஒளி உறிஞ்சலிலிருந்து பேண்ட் கேப்பைக் கணக்கிடும் வரைபடம்) வாலில் கோடு இழுக்காதீர்கள். அந்த மஞ்சள் வெறும் குறைபாடுகளின் நிறமாக இருக்கலாம். ஒளி கிளப்பிய எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலி இடமான 'துளை'யும் அங்கேயே மறுபடி சேர்ந்துவிட்டால் உறிஞ்சிய ஒளி வீண். காட்மியம் சல்ஃபைடில் நிறமும் வேகமும் இருக்கும், ஆனால் ஒளியில் தானே அரிபட்டு, நச்சான காட்மியத்தைத் தண்ணீரில் விடும்.

பெங்களூருவின் மாசுபட்ட பெல்லந்தூர் ஏரித் தண்ணீரில் செய்து பார்க்கிறேன் என்பவர்கள் முதலில் காய்ச்சி வடித்த நீரில் பைகார்பனேட் கலந்து ஓட்டிப் பாருங்கள். அழுக்கைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை அது விழுங்கும்போது உங்கள் வேகம் எவ்வளவு படுக்கிறது என்று தெரியட்டும். ஏரிக்கு வாளியோடு போவது அப்புறம்.