ஆங்கிலத்தில் நக்கலடிக்க ஒரு வினையடை போதும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அக்கா குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தடுமாறும். அதனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலம்தான். ஒரு வருஷம் வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள். நாங்கள் மன்னார்குடிக்குத் தெற்கே, கடைமடை. எங்கள் வாய்க்காலைத் தண்ணீர் எட்டிப் பார்ப்பதற்குள் ஆடிப்பெருக்கே நெருங்கிவிட்டது. வயிற்றெரிச்சலில் குழுவில் எழுதினேன்: "மேட்டூர் வாட்டர் கேம் வெரி ஃபாஸ்ட்."

அக்கா மகன் உடனே பதில் போட்டான்: "வாவ் மாமா, கங்கிராட்ஸ்!" கூடவே கைதட்டும் பொம்மை நாலு.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. இதையே திண்ணையில் உட்கார்ந்து "ரொம்ப வேஏஏகமா வந்துருச்சு" என்று இழுத்திருந்தால் தெருவே சிரித்திருக்கும். எழுத்தில் அந்த இழுவை இல்லை. 2005-ல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலான ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். மின்னஞ்சலில் சிலதைக் கிண்டலாகவும் சிலதை நிஜமாகவும் எழுதியவர்கள், எது எது என்று படிப்பவர் 78 சதவீதம் சரியாகப் பிடித்துவிடுவார் என்று நம்பினார்கள். பிடிபட்டது 56 சதவீதம். பூவா தலையா போட்டுப் பார்த்தாலே 50 வந்துவிடும்!

சிரிப்புப் பொம்மை போட்டால் தீர்ந்தது என்பீர்கள். அது பிறந்ததே இதற்காகத்தான். 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மேன், வேடிக்கைக்கு எழுதுவதை அடையாளம் காட்ட முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் போடலாம் என்று யோசனை சொன்னார். ஆனால் பொம்மை வாக்கியத்தின் வாலில் வருகிறது. அதற்குள் படிப்பவர் நம்பி முடித்திருப்பார். மேலதிகாரிக்குப் போகும் கடிதத்தில் கண்ணடிக்கும் பொம்மையை வைக்கவும் முடியாது. வினையடை அப்படியில்லை. வினைக்கு முன்னாலேயே நின்று கண்ணைக் காட்டிவிடும்.

வினையடை என்பது பள்ளியில் படித்ததுதான். நாம் 'ஆக' சேர்க்கிறோம்: மெதுவாக, அழகாக. ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'லி' சேரும்: ஸ்லோலி, பொலைட்லி. ஃப்ரெண்ட்லி, லவ்லி இரண்டும் 'லி'யில் முடிந்தாலும் பெயரடைகள், ஏமாந்துவிடாதீர்கள்.

படி 1: முதலில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

"தி கோட் ஏட் மை சீட்லிங்ஸ்." ஆடு என் நாற்றைத் தின்றுவிட்டது. இதில் நக்கல் ஏதுமில்லை, இருக்கவும் கூடாது.

நான் சறுக்கியது இங்கேதான். தண்ணீர் தாமதமாக வந்தது, நான் வேகமாக வந்ததாக எழுதினேன். செய்தியையே தலைகீழாக்கிவிட்டால், உண்மை என்ன என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் சிரிப்பு வரும். சிங்கப்பூரில் இருக்கும் பையனுக்கு எங்கள் வாய்க்கால் நிலவரம் எப்படித் தெரியும்? செய்தி உண்மையாக இருக்கட்டும். புளுகு வினையடையில் மட்டும் இருக்கட்டும்.

படி 2: செய்தவருக்குப் பொருந்தாத வினையடையைப் பிடியுங்கள்

'ஃபாஸ்ட்'டும் வினையடைதானே? ஆமாம். ஆனால் தண்ணீர் வேகமாக வரக்கூடியது, அதனால் நம்பிவிட்டான். வீரத்தோடு வர முடியாது. "மேட்டூர் வாட்டர் ஹேஸ் ஹீரோயிக்கலி ரீச்ட் அஸ்" என்று எழுதியிருந்தால், என்னமோ பாடுபட்டுத்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்பது புரிந்திருக்கும்.

ஆட்டுக்கு வருவோம். "தி கோட் தாட்ஃபுல்லி ஏட் மை சீட்லிங்ஸ்." தாட்ஃபுல்லி என்றால் பிறர்மேல் அக்கறையோடு. 'பாவம், இவர் எதற்கு நடவு நட்டுச் சிரமப்படணும்' என்று ஆடே யோசித்து உதவியதுபோல் ஆகிவிட்டது.

அந்தச் சொல் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அதையே கடைசியில் தள்ளி "தி கோட் ஏட் மை சீட்லிங்ஸ் தாட்ஃபுல்லி" என்று எழுதினால், ஆடு ஏதோ சிந்தனையில் ஆழ்ந்தபடி அசைபோட்டது என்ற பக்கம் பொருள் சாய்கிறது. அதுவும் வேடிக்கைதான், ஆனால் வேறு வேடிக்கை. வினைக்கு முன்னால் வந்தால் அந்தச் செயலைப் பற்றி நீங்கள் சொல்லும் தீர்ப்பு. பின்னால் போனால் பெரும்பாலும் செயல் நடந்த விதம். நக்கலுக்கு வேண்டியது தீர்ப்பு. அதனால் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் செருகுங்கள்.

கைண்ட்லி (அன்போடு), பொலைட்லி (பணிவாக), கன்சிடரட்லி (பிறர் வசதி பார்த்து), ப்ரேவ்லி (துணிச்சலாக) நாலும் தொடங்க நல்ல சொற்கள். கைண்ட்லிக்கு மட்டும் ஒரு சிக்கல். நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் 'கைண்ட்லி' போடாத வரியே கிடையாது, ஆகவே மனிதரோடு சேர்த்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கொசுவோடு சேருங்கள்: "தி மஸ்கிட்டோஸ் கைண்ட்லி வோக் மீ அட் த்ரீ."

படி 3: நம்ம 'ஆம்'

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'வந்தாராம்', 'படிச்சானாம்' என்று ஒட்டுகிறோமே, அந்த 'ஆம்'. சொன்னது அவர்கள், நான் பொறுப்பில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது அப்பேரன்ட்லி.

"அப்பேரன்ட்லி, தி பஸ் கம்ஸ் அட் எய்ட்." எட்டு மணிக்கு பஸ் வருமாம். வாக்கியத்தின் தலையில் வந்தால் பின்னால் ஒரு காற்புள்ளி போட வேண்டும். நாம் பேச்சில் விடும் பெருமூச்சு அதுதான். ஆனால் 'ஆம்' போலவே இதுவும் வெறும் கேள்விப்பட்ட செய்திக்கும் பயன்படும் சொல். அதனால் பக்கத்தில் உண்மையை வைத்துவிடுங்கள்: "இட் இஸ் நைன் தர்ட்டி நௌ."

இதன் தம்பி அலெஜ்ட்லி. நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுக்கு ஆங்கில நாளிதழ்கள் போடும் சொல். அத்தனை கனமான சொல்லைத் தூக்கி ஒரு டம்ளர் காபியின் தலையில் வையுங்கள்: "ஐ ட்ராங்க் ஏன் அலெஜ்ட்லி ஹாட் காபி." சூடானது என்று சொல்லப்படும் காபி. கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை மட்டும் வைத்திருக்கும் கடைகளுக்காகவே செய்துவைத்த சொல். ஊரில் இருக்கும் ஆசாமி மேல் மட்டும் இதைப் பிரயோகிக்காதீர்கள். "ஹி அலெஜ்ட்லி ஸ்டோல்" என்றால் அது பகடியாகாது, திருட்டுப் புகாராகிவிடும்.

படி 4: ஒன்றோடு நிறுத்துங்கள்

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினையடை. இரண்டு போட்டால் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்ட கதை. லிட்ரலி இன்று எல்லார் வாயிலும் தேய்ந்துபோனது, விட்டுவிடலாம். ஆப்வியஸ்லி வேண்டவே வேண்டாம், 'இதுகூடத் தெரியாதா உனக்கு' என்று படிப்பவர் மேல் விழுந்துவிடும். துக்கம் விசாரிக்கும்போதும், வங்கிக்கும் வக்கீலுக்கும் எழுதும்போதும் இந்த விளையாட்டே கூடாது.

படி 2-ல் சொன்ன வினையடை என்றால், எழுதி முடித்ததும் அதைத் தூக்கிவிட்டு ஒரு முறை படியுங்கள். மீதி வாக்கியம் உண்மையாக நின்றால் அனுப்பலாம். "தி பவர் கன்சிடரட்லி வென்ட் ஆஃப் டியூரிங் தி ஃபைனல் ஓவர்." கன்சிடரட்லியை எடுத்தாலும் கடைசி ஓவரில் கரன்ட் போனது போனதுதான்.

அந்த மேட்டூர் விஷயம்? இரண்டு நாள் கழித்து ஹீரோயிக்கலி சேர்த்து மறுபடி போட்டேன். அக்கா மகன் இந்தத் தடவை கைதட்டவில்லை. "அப்பேரன்ட்லி, இட் வாக்ட்" என்று எழுதினான். நடந்தே வந்துச்சாம்.