வளையும் ஷூவைக் கையால் தைப்பது எப்படி

ஒரு ஷூவின் நுனியையும் குதிகாலையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். பல ஷூக்கள் விரல் மூட்டு இருக்கும் இடத்தில் அசையாமல், நடுவில் உள்ள குழிவுப் பகுதியில் மடங்கும். கால் அங்கே மடங்குவதில்லை. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் காலும் ஷூவும் இழுபறி நடத்துவது இதனால்தான்.

வீட்டில் உள்ளவர்களுக்கு நான் கையால் ஷூ தைத்துக் கொடுக்கிறேன். பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் தோல் போட்டால் மெத்தென்று வளையும்?" என்று. தோலின் மென்மையை நான் கடைசியில்தான் யோசிப்பேன். அடியில் எத்தனை அடுக்கு இருக்கிறது, அவை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. ஒரே பொருளின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். அதே தடிமனை இரண்டு தனி அடுக்காக, ஒட்டாமல் வைத்தால் விறைப்பு இரண்டு மடங்குதான். புத்தகத்தின் தாள்களையெல்லாம் பசை போட்டு ஒட்டினால் பலகையாகிவிடும் இல்லையா, அதே கணக்கு. ஆகவே வளையும் ஷூ வேண்டுமென்றால் அடுக்கைக் குறையுங்கள், முழுப் பரப்பிலும் பசை பூசும் இடங்களைக் குறையுங்கள், பிடிப்பு வேலையை ஓரத்துத் தையலிடம் விடுங்கள்.

தைக்கும் முறைகள் பல. இடைக்கால ஐரோப்பாவில் ஷூவை உள்வெளியாகத் தைத்துவிட்டுப் பிறகு திருப்பிப் போட்டார்கள். நன்றாக வளையும், ஆனால் அடித்தோல் திருப்ப முடிகிற அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும், அதனால் சீக்கிரம் தேயும். லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஷூவுக்கு உள்ளிருந்தே உள் அடியையும் வெளி அடியையும் சேர்த்துத் தைத்தது. அதுவும் வளையும் ஷூதான். ஆனால் நுனிக்குள் கையை விட்டு அந்தத் தையலைப் போடுவது பெரும் பாடு. குட்இயர் வெல்ட் முறையில் சுற்றிலும் ஒரு தோல் பட்டை, உள்ளே ஒரு மேடு, நடுவில் கார்க் நிரப்பல் எல்லாம் உண்டு. உறுதியான ஷூ, மறுக்கவில்லை. ஆனால் பழகும்வரை பலகைதான்.

வீட்டில் தைக்க ஏற்றது, மேல்தோலின் கீழ் ஓரத்தை உள்ளே மடிக்காமல் வெளியே விரித்து, அடித்தோலோடு சேர்த்துத் தைக்கும் முறை. தொழிலில் இதை ஸ்டிச்டவுன் என்பார்கள். கிளார்க்ஸின் டெசர்ட் பூட்டைப் பார்த்திருந்தால், சுற்றிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த விளிம்பு நினைவிருக்கும். தையல் முழுவதும் கண்ணுக்கு எதிரே வருவதால் கைக்கும் எளிது.

சரி, அளவு எடுப்போம். உட்கார்ந்துகொண்டு அளவு எடுக்காதீர்கள். நின்று, எடை முழுதும் காலில் இறங்கிய பிறகு, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். இரண்டு கால்களையும் தனித்தனியாக வரையுங்கள். பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் தாளில் குறித்து ஒரு கோடு போட்டால் அது குறுக்கே நேராக இருக்காது, சாய்ந்திருக்கும். ஷூ வளைய வேண்டிய இடம் அதுதான். இனி எதை வைத்தாலும் இந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வையுங்கள். அதே மூட்டுகளைச் சுற்றி டேப் வைத்துச் சுற்றளவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கால் அச்சு, அதாவது தோலை மேலே போட்டு ஷூவுக்கு உருவம் கொடுக்கும் கால் வடிவக் கட்டை, உங்கள் அளவைவிட நீளத்தில் 10 முதல் 12 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். சுற்றளவு குறைந்தால் அச்சின் மேல் தோல் பட்டைகளை ஒட்டி ஏற்றலாம். குதிகால் உயரம் இல்லாத, நுனி அதிகம் மேலே தூக்காத அச்சாகப் பாருங்கள். நுனியைத் தூக்கி வைப்பது வளையாத ஷூ உருண்டு போவதற்காக. நம் ஷூவுக்கு அது தேவையில்லை. குதி உயர்ந்தால் குழிவுக்குக் கீழே தாங்க ஓர் எஃகுத் தகடும் வேண்டியிருக்கும். தட்டையாக வைத்தால் அந்தச் செலவும் மிச்சம்.

அச்சு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் வடிவத்தை வரைந்து, வெட்டி உரித்து அட்டையில் தட்டையாக ஒட்டினால் மாதிரித் துண்டுகள் கிடைக்கும். முன்துண்டு ஒன்று, பக்கத் துண்டுகள் இரண்டு, நாக்கு ஒன்று போதும். முன்துண்டும் பக்கத் துண்டும் சேரும் தையல் அந்தச் சாய்ந்த கோட்டில் விழவே கூடாது. நன்றாகப் பின்னால் தள்ளுங்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு 8 மில்லிமீட்டர், கீழே வெளியே விரிவதற்கு 15 மில்லிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். லேஸ் கட்டும் இரண்டு பக்கங்களும் தொட்டுக்கொள்ளாமல் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். தோல் பழகித் தளரும்போது இறுக்குவதற்கு அந்த இடம் வேண்டும்.

மேல்தோல் 1.8 அல்லது 2 மில்லிமீட்டர், லைனிங் இல்லாமல். வெட்டும் முன் தோலை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். அதிகம் நீளும் திசை பாதத்தின் குறுக்கே வரவேண்டும், நீளாத திசை குதியிலிருந்து நுனிக்கு. மாற்றி வெட்டினால் ஷூ நாளுக்கு நாள் நீளமாகிக்கொண்டே போகும். நடு அடிக்கு, அதாவது சோலுக்கு மேலே, மேல்தோலின் விளிம்பைச் சேர்த்துத் தைக்கும் அடித்தோலுக்கு, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட கெட்டித் தோல், 2.5 முதல் 3 மில்லிமீட்டர். அதற்கு மேல் வேண்டாம்.

துண்டுகளைச் சேர்ப்பது சாதாரணத் தோல் தையல்தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் ஓரங்களை மட்டும் சீவி மெலிதாக்குங்கள். பக்கத் துண்டு முன்துண்டோடு சேரும் மேல் மூலையில் இழுவிசை அதிகம், அங்கே இரட்டைத் தையல் போடுங்கள். வளையும் ஷூ என்பதற்காகக் குதிப்பக்கத்தைத் தொளதொள என்று விட்டுவிடாதீர்கள். அங்கே மேல்தோலுக்கும் ஒரு சிறு உள்தோலுக்கும் நடுவே, ஓரமெல்லாம் சீவிய கெட்டித் தோலை நனைத்துப் பசை தடவி வையுங்கள். அது அச்சின் அடி ஓரத்தோடு நின்றுவிட வேண்டும், விளிம்புக்குள் வரக்கூடாது.

இனிதான் சுவையான வேலை. நடு அடித்தோலை நனைத்து, அச்சின் அடியில் மூன்று சிறு ஆணிகளால் பிடியுங்கள். அச்சைவிடச் சுற்றிலும் 10 மில்லிமீட்டர் பெரிதாக விட்டு வெட்டி, அச்சின் ஓரத்தை அதன் மேல் கோடாக வரைந்துகொள்ளுங்கள். மேல்தோலையும் ஈரப்படுத்தி அச்சில் போட்டு, குதியை நிலைப்படுத்திவிட்டு, நுனியிலிருந்து இழுங்கள். உள்ளே மடிக்கும் ஷூக்களில் நுனியில் தோல் மிஞ்சிச் சுருக்கம் விழும், அதை அடக்குவது தனிக் கலை. இங்கே விளிம்பு வெளியே விரிவதால் அதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். மிஞ்சுகிற தோல் அங்கே செலவாகிவிடும். தொல்லை உட்பக்கக் குழிவில். அங்கே வளைவு எதிர்ப்பக்கமாகப் போவதால் விளிம்பு நெளியும். தையல் கோட்டுக்கு வெளியே இரண்டு மூன்று சிறு வெட்டுகள் போட்டால் அடங்கும். இழுத்த இடத்தை அப்படியே நிறுத்த விளிம்புக்கு அடியில் மட்டும் பசை. பிறகு எலும்புத் துண்டு ஏதாவது கொண்டு மடிப்பின் மூலையை அழுத்தித் தேயுங்கள். மூலை கூர்மையாக விழாவிட்டால் தையலுக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி நின்றுவிடும். அச்சிலேயே முழுதாகக் காயட்டும். வெயிலில் வைக்காதீர்கள்.

தையலுக்கு மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல், 1 மில்லிமீட்டர். தைக்கும் நீளத்தைப் போல் நான்கு மடங்கும், அதற்கு மேல் ஒரு கை நீளமும் எடுங்கள். மடிப்பிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு வரைந்து, கவராயத்தால் 5 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. இதைவிட நெருக்கமாகக் குத்தினால் தபால்தலை ஓரம் போல் கிழிய வழி செய்கிறீர்கள். அடித்தோலின் கீழ்ப்பக்கம் அதே கோட்டில் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் கீறுங்கள், நூல் அதில் புதைந்திருக்கும். குத்தூசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி, நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் விடுங்கள். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்தாமல் பார்த்துக்கொண்டு, இரு கையாலும் ஒரே அளவு இழுங்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் இந்தத் தையல் முழுதும் பிரியாது. தொடங்குவதும் முடிப்பதும் உட்பக்கக் குழிவில் இருக்கட்டும். அங்கே ஷூ வளைவதில்லை, கண்ணிலும் படாது. முடிவில் மூன்று துளை பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுங்கள்.

ஆணிகளைப் பிடுங்கிவிட்டீர்களா என்று பார்த்த பிறகுதான் சோல் ஒட்ட வேண்டும். கிரேப் ரப்பரோ மைக்ரோ செல்லுலார் ரப்பரோ 4 மில்லிமீட்டர் போதும். இரு பரப்பையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மெல்லியதாகப் பசை பூசி, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்துச் சுத்தியலால் தட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த வாசனை தலையைப் பிடிக்கும். முழுப் பரப்பிலும் பசை வேண்டாம் என்றவன் இங்கே பூசச் சொல்கிறானே என்றால், மெத்தென்ற ரப்பர் தானே நெளிந்து கொடுக்கும். விறைப்பு பெரிதாக ஏறாது. உள்ளே போடும் மெல்லிய தோலை மட்டும் ஒட்டாமல் விட்டுவிடுங்கள். அப்புறம் விளிம்பையும் சோலையும் சேர்த்துச் சீவி, தையலுக்கு வெளியே 4 மில்லிமீட்டர் விட்டு, உப்புத்தாள் போட்டு மெழுகு தேயுங்கள்.

அச்சைக் கழற்றியதும் நுனியை மேசையில் வைத்துக் குதியைத் தூக்குங்கள். மடிப்பு நீங்கள் வரைந்த சாய்ந்த கோட்டில் விழ வேண்டும். அதற்குப் பின்னால் விழுந்தால் நடு அடித்தோல் தடிமனாக இருக்கிறது. உள்பக்கமிருந்து அந்தக் கோட்டுக்கு இணையாக, தோலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு இரண்டு மூன்று கீறல்கள் போடலாம். வளையும் இடத்து விளிம்பில் மணல் சேர்ந்தால் நூலை அறுக்கும், அவ்வப்போது பிரஷ் போட்டுத் தட்டுங்கள். சோல் தேய்ந்தால் சூடு காட்டி ரப்பரை மட்டும் உரித்து எடுங்கள். நூல் பள்ளத்துக்குள் இருப்பதால் தையலைத் தொடாமலே புதிய சோல் ஒட்டலாம்.