குதிரையின் ஒரு பக்கத் தசை மட்டும் வற்றினால்

சமதரையில் குதிரையை நான்கு காலும் நேராக நிறுத்தி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால், உதைக்கு எட்டாத தூரத்தில் உயரமான இடத்தில் நின்று தோள், முதுகு, புட்டம் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

தோளெலும்புக்குப் பின்னால் குழி தெரிந்தால் முதலில் சேணத்தைப் பாருங்கள். சேணத்தின் உள்ளே இருக்கும் சட்டம் குறுகலாக இருந்தால் அந்தத் தசையை அழுத்தி வற்றவைக்கும். பலர் உடனே சேணத்துக்கு அடியில் தடித்த மெத்தை போடுகிறார்கள். சின்ன ஷூவுக்குள் தடித்த சாக்ஸ் மாதிரி, இறுக்கம்தான் கூடும். புட்டத்தில் ஒரு பக்கம் மெலிந்தால், அந்தக் காலில் வெளியே தெரியாத நொண்டல் இருக்கலாம். தோளெலும்பின் முகடு திடீரெனத் துருத்தினால் நரம்புக் காயமாக இருக்கலாம்; கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். முன்குளம்புகளின் உயரம் வேறுபட்டால் லாடம் அடிப்பவரிடம் காட்டுங்கள்.

வலி தீராமல் பயிற்சி வேண்டாம். மருத்துவர் அனுமதித்தபின், சிறிது நடக்கவிட்டு, கேரட்டைக் காட்டி மூக்கை நெஞ்சுக்கும், முன்கால்களுக்கு நடுவிலும், இரு விலாவுக்கும், இரு இடுப்புக்கும் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றும் 5 முறை, வாரம் 5 நாள், 3 மாதம். வெடுக்கென்று இழுத்தால் பயனில்லை. சில நொடி நிலைக்க வேண்டும். பலவீனமான பக்கத்தை நீண்டநேரம் வேலை வாங்காதீர்கள். களைத்ததும் குதிரை பாரத்தை மறுபக்கத்துக்கே மாற்றிவிடும்.