கொழும்பிலிருந்து பிரித்தானியத் தாதியர் பதிவு: எதை முதலில் தொடங்குவது, எங்கே தடைப்படும்

பிரித்தானியாவில் தாதியாக வேலை செய்ய, அந்நாட்டுத் தாதியர், மருத்துவிச்சியர் சபையின் பதிவு வேண்டும். எல்லாரும் அதை என்எம்சி என்றே சொல்வார்கள். கடக்க வேண்டியவை: கல்வித்தகுதிச் சரிபார்ப்பு, ஆங்கிலப் பரீட்சை, சிபிடி என்ற கணினிப் பரீட்சை, சுகாதார மற்றும் நன்னடத்தைப் பத்திரங்கள், கடைசியாக அங்கே போய்ச் செய்யும் ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை.

கொழும்பில் பெரும்பாலானோர் முதலில் ஆங்கில வகுப்பில் சேர்ந்து, பரீட்சையும் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் பேப்பர் வேலையைத் தொடங்குகிறார்கள். இந்த ஒழுங்கு பிழை. ஆங்கிலப் பெறுபேறும் சிபிடி பெறுபேறும் இரண்டு ஆண்டுதான் செல்லுபடியாகும். பேப்பர் வேலைக்கோ முடிவுத் திகதி என்று ஒன்று கிடையாது. ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் இழுபடலாம். ஆகவே மெதுவாக நகரும் அலுவலக வேலைகளை முதலில் தள்ளிவிடுங்கள். காலாவதியாகும் பரீட்சைகளைப் பிறகு எழுதுங்கள்.

பெயர்: எல்லாவற்றுக்கும் முன்னால்

தமிழ்ப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் தனி நிரலில் இருக்கும், பிள்ளையின் பெயர் மட்டும் தனியே இருக்கும். சாதாரணதரச் சான்றிதழில் முதலெழுத்தும் பெயரும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக முழுதாக வந்திருக்கும். தாதியர் பயிற்சிச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். கலியாணத்துக்குப் பிறகு கடவுச்சீட்டை மாற்றியிருந்தால் கணவர் பெயரும் சேர்ந்திருக்கும். தர்ஷினி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் எஸ் மட்டும் போட்டும், இன்னோரிடத்தில் எஸ்எச் போட்டும் எழுதியிருந்தால், இங்கே எவரும் அதைக் கவனிக்கமாட்டார்கள். அங்கே கோப்பைப் பார்ப்பவருக்கு அது இரண்டு பேர்.

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு நிரல் போடுங்கள்: பத்திரம், அதில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து, பிறந்த திகதி, பத்திர இலக்கம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாதாரணதரம், உயர்தரம், தாதியர் டிப்ளோமா அல்லது பட்டம், இலங்கைத் தாதியர் சபைப் பதிவு, கலியாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். கடவுச்சீட்டை மூலமாக வைத்து, அதிலிருந்து வேறுபடுவதை அடிக்கோடிடுங்கள். பதிவிலும் பரீட்சை நிலையத்திலும் உங்களை அடையாளம் காட்டுவது கடவுச்சீட்டுத்தான்.

தாதியர் சபைப் பதிவில் உள்ள எழுத்துப் பிழையைச் சபையிலேயே திருத்திவிடுவது நல்லது. திருத்த முடியாத பழைய சான்றிதழ்களுக்கு, சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். அதில் 'இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்' என்று பொதுவாக எழுதினால் போதாது. ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும், அது எந்தப் பத்திரத்தில் எந்த இலக்கத்தின் கீழ் இருக்கிறது என்பதும் வரிவரியாக வரவேண்டும். நேரே ஆங்கிலத்தில் முடித்தால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிறப்பு, கலியாணச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதச் சொல்லி, கடவுச்சீட்டின் பிரதியையும் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கொடுக்காவிட்டால் அவர் தன் காதுக்குக் கேட்டபடி ஐந்தாவது எழுத்துக்கூட்டல் ஒன்றை உண்டாக்கிவிடுவார்.

வெளிவிவகார அமைச்சின் உறுதிப்படுத்தல் தேவைப்பட்டால், அது பத்தரமுல்லை சுகுறுபாயவில் உள்ள கொன்சியுலர் பிரிவில் நடக்கும். கேட்கப்படாத பத்திரங்களை எல்லாம் கொண்டுபோய் முத்திரை குத்தவேண்டிய அவசியம் இல்லை.

கணக்குத் திறப்பதும் சரிபார்ப்பும்

என்எம்சி இணையத்தளத்தில் உங்கள் பெயரில், உங்கள் சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறவுங்கள். ஏஜென்சியின் மின்னஞ்சலைப் போடவிடாதீர்கள். கடவுச்சொல் அவர்கள் கையில் இருந்தால் நாளைக்கு வேறு இடத்துக்குப் போக நினைத்தாலும் கோப்பு உங்களிடம் இருக்காது. தகுதி மதிப்பீட்டுக்கு 140 பவுண், சிபிடிக்கு 83, ஒஸ்கிக்கு 794, கடைசியில் பதிவுக்கு 153. மொத்தம் 1,170 பவுண். கட்டணங்கள் மாறும், கட்டுவதற்கு முன் தளத்தில் பாருங்கள்.

நீங்கள் தாதியாகப் பயின்றதையும், இலங்கையில் பதிவுபெற்றிருப்பதையும் உரிய நிறுவனங்களே என்எம்சிக்கு நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும். நீங்கள் கையில் வாங்கி, ஸ்கான் பண்ணி அனுப்பும் கடிதம் அதற்கு ஈடாகாது. என்எம்சியிலிருந்து வரும் மின்னஞ்சல் இலங்கைத் தாதியர் சபையிலோ பயிற்சிக் கல்லூரியிலோ எவருடைய பெட்டியிலாவது திறக்கப்படாமல் கிடப்பதுதான் தாமதத்துக்கு வழமையான காரணம். அனுப்பப்பட்ட திகதியையும், எந்த முகவரிக்குப் போனது என்பதையும் குறித்துக்கொண்டு நேரில் போய் மரியாதையாக விசாரியுங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வேலை செய்கிறவர் இதற்காக ஒரு நாள் லீவும் ஒரு இரவுப் பஸ்ஸும் செலவழிக்கவேண்டும்.

தனியார் மருத்துவமனைப் பயிற்சியில் படித்தவர்கள் ஒன்றை நேராகப் பார்க்கவேண்டும். மருத்துவமனை தந்த சான்றிதழ் வேறு, தாதியர் சபைப் பதிவு வேறு. சபைப் பதிவு கையில் இல்லாமல் ஆங்கில வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள்.

அரச சேவையில் இருப்பவர்கள் பயிற்சியின்போது கையெழுத்திட்ட கட்டாய சேவை ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். 2022 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, வெளிநாட்டு வேலைக்காக ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற லீவு எடுக்க வழிவிட்டது. இப்போது உங்கள் பதவிக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்பதை நிர்வாகப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால், பிறகு நன்னடத்தைக் கடிதம் கேட்கும்போது அதே அலுவலகத்தின் வாசலில்தான் நிற்கவேண்டும்.

ஆங்கிலம்: ஓஈடியா, ஐஈஎல்டிஎஸ்ஸா

ஓஈடி சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சை, ஐஈஎல்டிஎஸ் எல்லாருக்குமான பொது ஆங்கிலப் பரீட்சை. இரண்டில் ஒன்று போதும். ஐஈஎல்டிஎஸ் என்றால் அகடமிக் வகைதான். வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. ஓஈடி என்றால் அந்த மூன்றிலும் பி, அதாவது 350. எழுத்தில் சி பிளஸ், அதாவது 300. ஒரே தடவையில் கிடைக்காவிட்டால், 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு பெறுபேறுகளைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் ஐஈஎல்டிஎஸ்ஸில் எந்தத் தடவையிலும் அந்த மூன்றும் 6.5க்குக் கீழேயும், எழுத்து 6க்குக் கீழேயும் இறங்கக்கூடாது.

வார்டில் பல வருடம் வேலை செய்தவர்களுக்கு ஓஈடியே பொருத்தம். அதன் எழுத்துப் பகுதி ஒரு மருத்துவக் கடிதம்: நோயாளியின் குறிப்புகளை ஐந்து நிமிடம் வாசித்து, நாற்பது நிமிடத்தில் 180 முதல் 200 சொல்லளவில் எழுதுவது. இதில் விழுகிறவர்கள் இலக்கணத்தால் மட்டும் விழுவதில்லை. பெட் ஹெட் டிக்கெட் என்ற வார்டுக் குறிப்பேட்டில் எழுதிப் பழகிய கை, குறிப்பில் உள்ள எல்லாவற்றையும் வரிசையாக இறக்கிவிடுகிறது. கடிதத்தை வாசிக்கப்போகிறவர் யார், அவர் நோயாளிக்கு என்ன செய்யவேண்டும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து புண்ணுக்கு மருந்து கட்டப்போகும் தாதிக்கு, 20 வருடத்துக்கு முந்திய அப்பெண்டிக்ஸ் சத்திரசிகிச்சை தேவையில்லை. பேச்சுப் பகுதியில் இரண்டு பாத்திர உரையாடல்கள் வரும். அங்கே நம்மவர்கள் நோயாளிக்கு அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பயத்தைக் கேட்டறிவதற்கும், விளங்கியதா என்று திரும்பக் கேட்பதற்கும் தனிப் புள்ளி உண்டு.

சிபிடி

பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் பரீட்சை நிலையத்தில் எழுதுவது, கொழும்பிலேயே எழுதலாம். முதற்பகுதி கணக்கு, 15 கேள்வி, 30 நிமிடம். இரண்டாம் பகுதி தாதியியல், 100 கேள்வி, இரண்டரை மணித்தியாலம். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். பதிவு செய்யும்போது போட்ட பெயர் கடவுச்சீட்டோடு ஒத்துவராவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், காசும் போய்விடும்.

கணக்கில் பிழைப்பது பெரும்பாலும் அலகு மாற்றும்போது. மூன்று வகையைப் பழகுங்கள்:

டிகொக்சின் 0.25 மில்லிகிராம் கொடுக்கவேண்டும், கையில் இருப்பது 62.5 மைக்ரோகிராம் குளிசை. முதலில் மில்லிகிராமை 1,000ஆல் பெருக்கி 250 மைக்ரோகிராம் ஆக்குங்கள். 250ஐ 62.5ஆல் வகுத்தால் 4 குளிசை.

100 மில்லிகிராம் மருந்து 2 மில்லிலீற்றரில் இருக்கிறது, 75 வேண்டும். 75ஐ 100ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் 1.5 மில்லிலீற்றர்.

ஒரு லீற்றர் சேலைன், 8 மணித்தியாலம், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி. 1,000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67. அரைத் துளியை எண்ண முடியாது, ஆகவே 42. கேள்வி பம்பின் வேகத்தைக் கேட்டால் விடை மணித்தியாலத்துக்கு 125 மில்லிலீற்றர், துளிக்கணக்கே வராது. பலர் கேள்வியின் கடைசி வரியை வாசிக்காமல் துளியைப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

இரண்டாம் பகுதிக்கு என்எம்சியின் நடத்தைக் கோவையை மூலமாகவே வாசியுங்கள். நோயாளியின் சம்மதம், இரகசியம், பிழை நடந்தால் திறந்து சொல்லும் கடமை ஆகியவற்றில், இங்கே வார்டில் நடப்பதற்கும் அங்கே எதிர்பார்ப்பதற்கும் இடைவெளி உண்டு. குடும்பத்தார் 'அம்மாவுக்கு நோயைச் சொல்லவேண்டாம்' என்றால் இங்கே நாங்கள் தலையாட்டுவோம். அங்கே சரியான விடை அதுவல்ல.

காசு கொடுத்துச் சித்தியடைய வைக்கிறோம் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நைஜீரியாவின் இபடான் நகர நிலையம் ஒன்றில் நடந்த மோசடி 2023இல் வெளிவந்தபோது, ஏற்கெனவே பதிவுபெற்று வேலையில் இருந்தவர்களின் பெறுபேறுகளையும் என்எம்சி தோண்டி எடுத்தது.

வேலையும் ஏஜென்சியும்

பிரித்தானியாவின் சர்வதேச ஆட்சேர்ப்பு நடத்தைக் கோவையின்படி, வேலை எடுத்துத் தருவதற்காகத் தாதியிடம் காசு வாங்கக்கூடாது. விசாவுக்காக வேலை கொடுப்பவர் வழங்கும் ஸ்பொன்சர் சான்றிதழுக்கான செலவும் வேலை கொடுப்பவருடையது. லட்சக்கணக்கில் கேட்கிற இடம் தாதி வேலை தரும் இடம் அல்ல. பராமரிப்பாளர் வேலையில் போய்ப் பிறகு தாதியாக மாறலாம் என்ற பேச்சுக்கும் இப்போது இடமில்லை: 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிய பராமரிப்பாளர்களை எடுப்பது நிறுத்தப்பட்டுவிட்டது.

மூன்று இடத்தில் பெயரைப் பாருங்கள்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற்ற முகவர் பட்டியல், பிரித்தானிய அரச சுகாதார சேவையின் வேலை கொடுப்போர் அமைப்பான என்எச்எஸ் எம்ப்ளோயர்ஸ் வெளியிடும் நெறிமுறை ஆட்சேர்ப்பாளர் பட்டியல், பிரித்தானிய உள்துறை அமைச்சின் ஸ்பொன்சர் பட்டியல். ஒப்பந்தத்தில், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும், அது மாதாமாதம் குறைகிறதா என்ற பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள். சிபிடி, ஒஸ்கியின் முதல் முயற்சி, விமானச் சீட்டு ஆகியவற்றைப் பல மருத்துவமனைகள் ஏற்கின்றன. நேர்முகத்தின் முடிவில் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பொலிஸ் சான்றிதழையும் காசநோய்ப் பரிசோதனையையும் கடைசியில் செய்யுங்கள், இரண்டும் கெதியாகக் காலாவதியாகும். காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். அதைக் கொழும்பில் உள்ள ஐஓஎம் எனும் சர்வதேச குடிபெயர்வு அமைப்பின் சுகாதார நிலையத்தில் செய்யவேண்டும். வளைகுடாவில் வேலை செய்தவர்கள் அந்த நாட்டின் பொலிஸ் சான்றிதழையும் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடவேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு எடுப்பது பெரும் அலைச்சல். புறப்படுமுன் பணியகப் பதிவும் முடித்திருக்க வேண்டும்.

ஒஸ்கி

வேலை தொடங்கி மூன்று மாதத்துக்குள் முதல் முயற்சி, எட்டு மாதத்துக்குள் சித்தி என்பது விசா விதி. பத்து நிலையங்கள்: மதிப்பிடல், திட்டமிடல், செய்தல், மீளாய்தல் என்று ஒரே நோயாளியைப் பற்றிய நான்கு, செய்முறைத் திறன் நான்கு, எழுத்தில் மட்டும் இரண்டு. ஏழோ அதற்குக் குறைவோ தவறினால் பாதிக் கட்டணத்தில் அவற்றை மட்டும் திரும்பச் செய்யலாம். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று முயற்சி.

அனுபவசாலிகளே இதில் விழுகிறார்கள். அவர்களுக்குச் செய்யத் தெரியும், சொல்லத் தெரியாது. கை கழுவுவதையும், பெயர், பிறந்த திகதி, ஒவ்வாமை மூன்றையும் நோயாளியின் வாயால் கேட்டு மணிக்கட்டுப் பட்டியோடு ஒப்பிடுவதையும் பரீட்சகர் காணவும் கேட்கவும் வேண்டும். மருந்தில் ஒவ்வாமையைக் கேட்காமல் விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. சுவாசத்தை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கும் வார்டுப் பழக்கத்தை இப்போதே விடுங்கள்.

அலகுகளையும் இங்கிருந்தே மாற்றிப் பழகுங்கள். காய்ச்சலை பரனைட்டில் நினைப்பவர்கள் செல்சியஸுக்கு வரவேண்டும்: நோயாளியின் நிலையைப் புள்ளியிட்டுப் பார்க்கும் நியூஸ் 2 அட்டவணையில் 38.1இலிருந்து 39 வரை 1 புள்ளி, 39.1இலிருந்து 2. சீனி அளவை 18ஆல் வகுத்தால் அங்குள்ள அலகு வரும்; 180 என்று நாங்கள் சொல்வது அங்கே 10. எழுதியதில் பிழை வந்தால் கிறுக்கி அழிக்காமல், ஒரே கோட்டால் வெட்டிக் கையொப்பமிடுங்கள். பரீட்சை நிலையங்கள் மாதிரிக் காட்சிகளையும் புள்ளி வழங்கும் அளவுகோலையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் குறிப்புகளுக்கு முன் அவற்றை உரத்துச் சொல்லிச் சொல்லிச் செய்து பாருங்கள், வீட்டில் ஒருவரை நோயாளியாகப் படுக்கவைத்து.

சித்தியடைந்து பதிவுக் கட்டணத்தைக் கட்டியதும் 'பின்' (PIN) எனும் பதிவு இலக்கம் வரும். அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 450 மணித்தியால வேலையும் 35 மணித்தியாலத் தொடர்கல்வியும் காட்டவேண்டும். முதல் மாதத்திலிருந்தே கணக்கு வைத்திருங்கள்.