வான்காவின் 1889 சுயஓவியத்தைப் பார்த்து வரைவது எப்படி? ஆயில் பெயின்டிங் முதல் பாடம்

ஆயிலில் முதல் முகம் வரைய மழமழவென்று தேய்த்த போர்ட்ரெய்ட்டை எடுக்காதீர்கள். டச்சு ஓவியர் வான்கா 1889 செப்டம்பரில் வரைந்த சுயஓவியம் (பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருப்பது) அதைவிட நல்ல வாத்தியார். ஒவ்வொரு தீற்றலும் தனித்தனியாகத் தெரியும். பிரஷ்ஷை எங்கே வைத்து எங்கே எடுத்தார் என்று பார்த்தே படிக்கலாம்.

மூலம் ஏறக்குறைய 65 x 54 செ.மீ. 12 x 10 அங்குல கேன்வாஸ் அந்த விகிதத்துக்கு ஒத்துப்போகும். டைட்டானியம் வொயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (சிவப்பு), அல்ட்ராமரைன் (நீலம்), விரிடியன் (பச்சை), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) போதும். தோல் நிறமாகக் கலந்தே வரும் 'ஃபிளெஷ் டின்ட்' டியூபைத் தொடவே வேண்டாம். இந்த முகத்தின் நிழலே பச்சை. தட்டை ஹாக் (பன்றிமுடி) பிரஷ் 4, 6, 8 என மூன்று. எல்லாம் சென்னை பாரிமுனையில் கிடைக்கும். ஹார்டுவேர் கடை டர்பன்டைன் பிரஷ் கழுவ மட்டும்.

படத்தை 9 x 7.5 அங்குலத்தில் கறுப்பு வெள்ளையாக பிரின்ட் எடுத்து 1.5 அங்குலக் கட்டம் போடுங்கள். கேன்வாஸில் 2 அங்குலக் கட்டம். இரண்டிலும் 30 கட்டங்கள் வரும். சார்க்கோலில் வரைந்ததும் துணியால் தட்டிவிடுங்கள். தூள் தங்கினால் மஞ்சள் அழுக்குப் பச்சையாகிவிடும். பிறகு அல்ட்ராமரைனை ஓவியத்துக்கான டர்பன்டைனில் டிகாக்ஷன் போல நீர்க்கக் கரைத்துக் கோடுகளையும் நிழலையும் போட்டு ஒருநாள் காயவிடுங்கள்.

வண்ணத்துக்கு முன் ஒரு வேலை: பிரின்ட்டின் மேல் பேனாவால் தீற்றல்களின் திசையை அம்புக்குறியாகப் போடுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்த்தான் கோட்டைவிடுகிறார்கள். அவர் உடுத்திய கோட்டும் பின்னணியும் கிட்டத்தட்ட ஒரே நீலப்பச்சை. பின்னணி சுழல்கிறது, உடையில் தீற்றல் மடிப்போடு ஓடுகிறது. உருவம் பிரிந்து தெரிவது அந்த வித்தியாசத்தாலும் அடர்ந்த வெளிக்கோட்டாலும்தான். இரண்டையும் ஒரே வாக்கில் இழுத்தால் ஆள் சுவருக்குள் போய்விடுவார்.

பின்னணிக் கலவை: வெள்ளை நான்கு கொட்டைப்பாக்கு அளவு, விரிடியன் ஒரு சுண்டைக்காய், அல்ட்ராமரைன் இரண்டு மிளகு. வெண்ணெய்ப் பதம் இருக்கட்டும், எண்ணெய் சேர்க்காதீர்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் கலந்து, அதிலிருந்து வெளிர், அடர் என இரண்டு குவியல் பிரித்துக்கொள்ளுங்கள்.

முகத்தில் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு என்று எலும்பு வளைகிற வாக்கிலேயே பிரஷ் போக வேண்டும். ஒரு தீற்றல் வைத்தால் கையை எடுத்துவிடுங்கள். திரும்பத் தடவினால் அடியில் உள்ள ஈர நிறம் மேலே வந்து சேறாகும். கண்ணின் வெள்ளைக்குச் சாம்பல் பச்சை. சுத்த வெள்ளை வைத்தால் விழி பிதுங்கும்.

தாடியைக் கடைசியில் போடுங்கள். வெர்மிலியன், ஓக்கர், சியன்னா. இதற்குத் தனி பிரஷ் அவசியம்: ஆரஞ்சும் நீலப்பச்சையும் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும், கலந்தால் ஒன்றையொன்று கொன்று பழுப்பாகும்.

ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வேலை செய்யுங்கள். ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. ஆயில் பெயின்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காய்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான். அந்தச் சூட்டில் சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும், அதுவும் சென்னை வெயிலில். விரித்துக் காயப்போடுங்கள்.

தடித்த இடங்கள் காய வாரக்கணக்காகும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரோடு ஒட்டிச் சாய்த்தால் கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். அப்படியே பின்னால் 'வான்காவைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி, தேதியும் போட்டுவிடுங்கள்.